அடிலெய்டுல பொறந்தவங்களை இங்கிலாந்துக்கு அனுப்பிட்டீங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய ஹாலிவுட் படங்களுக்கான பக்கத்துல 'ரெபேக்கா' பத்தி வந்திருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஹிட்ச்காக் அமெரிக்கா போய் எடுத்த முதல் படம், 1940ல வந்துச்சு, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்குச்சு, லாரன்ஸ் ஒலிவியே, ஜோன் ஃபோன்டெய்ன், எல்லாம் சரி. ஆனா கடைசிக்கு முந்தின பாராவுல, வேலைக்காரி வேஷத்துல ஒரு இங்கிலாந்து துணை நடிகை மிரட்டியிருப்பார்னு போற போக்குல ஒரே ஒரு வரி. பேர் கூட போடல. அந்த ஒரு வரியில நாடு தப்பு, வேலை தப்பு, துணை நடிகைங்கறதும் பாதி தப்பு. அதுக்குத்தான் சார் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

அவங்க பேர் ஜூடித் ஆண்டர்சன். 1897 பிப்ரவரி 10ஆம் தேதி தெற்கு ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல பொறந்தவங்க. வீட்ல வெச்ச பேர் ஃபிரான்சிஸ் மார்கரெட் ஆண்டர்சன், படிச்சது நார்வுட்ல. நான் இந்த ஊர்லதான் இருக்கேன், நார்வுட் வழியாத்தான் பஸ்ல வேலைக்குப் போறேன், ஆனா எனக்கே இதெல்லாம் தெரியாது. ஆஸ்திரேலியா நடிகைன்னா நிக்கோல் கிட்மன், கேட் பிளான்செட், அதோட நம்ம லிஸ்ட் முடிஞ்சு போச்சு.

தெரிஞ்சது எப்படின்னா, நான் வேலை பாக்கறது ஒரு முதியோர் இல்லத்துல. ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு மாத்திரை ட்ராலியைத் தள்ளிக்கிட்டு ஹாலுக்குள்ள போறேன், டிவில இந்தப் படம் ஓடிட்டிருக்கு. தொண்ணூறு தாண்டின ஒரு அம்மா, சாதாரணமா மாத்திரை வேணாம்னு தினம் சண்டை போடறவங்க, அன்னிக்கு வாயைத் திறந்து காட்டி வாங்கிக்கிட்டாங்க, கண்ணு மட்டும் டிவியை விட்டு நகரல. கறுப்பு டிரஸ் போட்ட அந்தப் பொம்பளை திரையில வந்ததும் விரலை நீட்டி "எங்க ஊர்க்காரி"ன்னாங்க. பக்கத்துல இருந்த தாத்தா ஒருத்தர் இல்ல இல்ல, இங்கிலீஷ்காரின்னு சொல்லப்போக அந்த அம்மாவுக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே, ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தறதுக்குள்ள எனக்குப் போதும்னு ஆயிடுச்சு. உங்க கட்டுரை எழுதினவருக்கு வந்த அதே சந்தேகம்தான் அந்தத் தாத்தாவுக்கும், அதனால ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

அன்னிக்கு ட்ராலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னபடியே பத்து நிமிஷம் பாத்தேன், வீட்டுக்கு வந்து முழுசா பாத்தேன், அப்புறம் ரெண்டு தடவை. அவங்க பண்றது மிஸஸ் டேன்வர்ஸ். வேலைக்காரி இல்ல சார், ஹவுஸ்கீப்பர். அந்த மாளிகையில இருக்கற மொத்த வேலைக்காரங்களையும் கட்டி மேய்க்கறவங்க, எஜமானியே பயப்படற ஆளு. புது எஜமானி மழையில நனைஞ்சு தலைமுடி எல்லாம் ஒட்டிப்போய் உள்ள வரும்போது வேலையாளுங்க அத்தனை பேரும் வரிசையா நிக்கறாங்க, அந்தப் பொண்ணு பதட்டத்துல கையுறையைக் கீழ போட்டுடறா, குனிஞ்சு எடுக்கறது டேன்வர்ஸ். எடுத்துக் கொடுக்கற அந்த மரியாதையிலயே உன் தகுதி என்னன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிடறாங்க, வசனம் இல்லாமலே.

செத்துப்போன முதல் பொண்டாட்டி ரெபேக்காவோட ரூமைச் சுத்திக் காட்டற சீன் ஒண்ணு இருக்கு. அலமாரியைத் திறந்து ஃபர் கோட்டோட கையை எடுத்து தன் கன்னத்துல வெச்சுக்கறாங்க, அப்புறம் அதையே அந்தப் பொண்ணு கன்னத்துலயும் தடவறாங்க. கட்டில் மேல இருந்து ராத்திரி கவுனை எடுத்து, உள்ள கையை விட்டு, பாரு எவ்வளவு மெல்லிசு, என் கை தெரியுது பாருன்னு காட்டறாங்க. குரல் ஒரு இடத்துலயும் ஏறல. நமக்கெல்லாம் வில்லின்னா கண்ணை உருட்டணும், மூக்கை விடைக்கணும், ஒரு சிரிப்பு சிரிக்கணும். இங்க அது எதுவும் கிடையாது, ஒரு பிரியமான பொருளைத் தொடற மாதிரிதான் தொடறாங்க, எனக்கு முதுகுல சில்லுனு ஆயிடுச்சு.

இன்னொரு விஷயம், அவங்க நடக்கறதையே படத்துல அதிகமா பாக்க முடியாது. அந்தப் பொண்ணு திரும்புவா, அங்க நிப்பாங்க, எப்ப வந்தாங்கன்னே தெரியாது. இது ஹிட்ச்காக் வேணும்னே பண்ணினது, டேன்வர்ஸை நடக்க விட்டா மனுஷி ஆயிடுவாங்கன்னு பின்னாடி பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோகிட்ட பேசும்போது விளக்கியிருக்கார். டைரக்டர் நடக்காதேன்னு சொல்லலாம், ஆனா சும்மா நின்னே ஒரு ஹாலை ரொப்பறதுக்கு மேடையில பழகின உடம்பு வேணும் இல்லையா, அந்த உடம்பு இவங்களுக்கு இருந்துச்சு.

இப்ப துணை நடிகைங்கற வார்த்தைக்கு வரேன். ஆஸ்கார்ல அவங்களுக்குக் கிடைச்ச நாமினேஷன் அந்தப் பிரிவுலதான், ஒத்துக்கறேன், அந்த வருஷம் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்துக்காக ஜேன் டார்வெல் வாங்கிட்டாங்க. ஆனா நம்ம பேப்பர் பாஷையில துணை நடிகைன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா, கூட்டத்துல குடம் தூக்கிட்டுப் போறவங்க. குணச்சித்திர நடிகைன்னு எவ்வளவு அழகான வார்த்தை நம்மகிட்ட இருக்கு, அதைப் போட என்ன கஷ்டம்? அதுவும் இந்தப் படத்துல. படத்துப் பேரே ரெபேக்கா, ஆனா ரெபேக்கா ஒரு ஷாட்ல கூட வர மாட்டா. அவ எப்படி இருந்தா, எப்படித் தலை வாரினா, எப்படிச் சிரிச்சான்னு நாம பாக்கறது எல்லாம் இவங்க முகத்துலதான்.

சரி, மேடைக்கு வருவோம், ஏன்னா அவங்க நெசமா வாழ்ந்தது அங்கதான். 1915ல சிட்னி தியேட்டர் ராயல்ல 'எ ராயல் டிவோர்ஸ்' நாடகத்துல முதல் தொழில்முறை மேடை, வயசு 18, அப்ப போட்டுக்கிட்ட பேர் ஃபிரான்சி ஆண்டர்சன். 1918ல அமெரிக்காவுக்குப் போனாங்க. ஹாலிவுட் கண்டுக்கல, சரின்னு நியூயார்க் பக்கம் போய் நாடகக் கம்பெனிகள்ல சின்னச் சின்ன வேஷம், ஊர் ஊரா சுத்தறது. 1924ல 'கோப்ரா' நாடகம் வந்தப்பதான் நியூயார்க்கோட பெரிய நாடக மேடைகள் இருக்கற பிராட்வே திரும்பிப் பாத்துச்சு, அதுக்குள்ள பேரை ஜூடித்துன்னு மாத்திக்கிட்டாங்க. 1927ல அதே 'கோப்ரா'வையும் இன்னும் ரெண்டு நாடகத்தையும் எடுத்துக்கிட்டு ஆஸ்திரேலியாவுக்கே வந்து நடிச்சிட்டுப் போயிருக்காங்க.

மேடையில அவங்களுக்கு வாய்ச்ச உறவுமுறையைக் கேட்டா சிரிப்பு வரும். 1936ல நியூயார்க்ல இங்கிலாந்து நடிகர் ஜான் கீல்குட் ஹாம்லெட் பண்ணினப்ப இவங்க அவருக்கு அம்மா கெர்ட்ரூட், நிஜத்துல அவரைவிட 7 வயசுதான் பெரியவங்க. 11 வருஷம் கழிச்சு அதே கீல்குட் 'மீடியா'ங்கற கிரேக்க நாடகத்தை டைரக்ட் பண்ணி ஜேசனாவும் நடிக்கறார், இவங்க அவர் கைவிட்ட பொண்டாட்டி மீடியா. ஒலிவியே கதை இன்னும் ஜோர், 1937ல லண்டன் ஓல்ட் விக்ல அவர் மேக்பெத், இவங்க லேடி மேக்பெத். மூணே வருஷத்துல 'ரெபேக்கா'வுல அவர் முதலாளி, இவங்க சாவிக்கொத்து. கட்டுரையில ஒலிவியேவுக்கு ரெண்டு பாரா கொடுத்திருந்தீங்க, அதனால சொல்றேன்.

அந்த லேடி மேக்பெத்தை அவங்க விடவே இல்ல. 1941ல பிராட்வேல நடிகர் மாரிஸ் எவன்ஸோட பண்ணினாங்க, 1954ல அவரோடயே டிவில நேரடி ஒளிபரப்பா பண்ணி டிவிக்கான எம்மி விருது வாங்கினாங்க, 1960ல திரும்ப அவரோடயே ஸ்காட்லாந்துல போய் படமா எடுத்து அதே வேஷத்துக்கு ரெண்டாவது எம்மி. அதே 1960லதான் பிரிட்டிஷ் அரசாங்கம் டேம் பட்டம் கொடுத்துச்சு, ஆம்பளைங்களுக்கு சர் பட்டம் மாதிரி. அதே வருஷக் கடைசியில ஜெர்ரி லூயிஸ் காமெடிப் படம் 'சிண்டர்ஃபெல்லா'வுல கொடுமைக்காரச் சித்தியாவும் வந்தாங்க. பட்டம் வாங்கிட்டோமேன்னு காமெடிப் படத்தைத் தள்ளி வைக்கல பாருங்க, அதுக்காகவே எனக்கு இவங்களை ரொம்பப் பிடிக்கும்.

சினிமா அவங்களுக்கு எப்பவும் ஒரு ஓரத்தைத்தான் கொடுத்துச்சு. 1944ல 'லாரா'வுல பணக்கார அத்தை, 1956ல 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்'ல மோசே பொறப்பு ரகசியத்தை மறைச்சு வெச்ச வேலைக்காரி மெம்னெட் (இது நெசமாவே வேலைக்காரி, இதுக்கு அந்த வார்த்தை சரி), 1958ல 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்'ல 'பிக் மாமா'ன்னு கூப்பிடற குடும்பத்து அம்மா. கதாநாயகி மூஞ்சி இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. மேடையில அந்தக் கணக்கு செல்லல. 'மீடியா'வை கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ் புதுசா எழுதினதே இவங்களுக்காகத்தான். அதுக்கு 1948ல நாடகத்துக்கான டோனி விருது, அந்த வருஷம் சிறந்த நடிகை விருதை மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க, மத்த ரெண்டு பேர் கேத்தரின் கார்னெல், ஜெசிகா டான்டி. 1959ல டிவிக்காகப் பதிவு பண்ணின 'மீடியா' ஒண்ணு இருக்கு, கறுப்பு வெள்ளை, கிடைச்சா பாருங்க. டேன்வர்ஸ் அடக்கி வெச்சது அத்தனையும் இங்க வெடிக்கும். மேடைக்குன்னு செஞ்ச நடிப்பு, டிவிப் பெட்டிக்குக் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், முதல் பத்து நிமிஷம் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் நாம பழகிடுவோம்.

எல்லாம் ஜெயிச்சாங்கன்னும் சொல்ல மாட்டேன். 73 வயசுல ஹாம்லெட்டாவே நடிக்கறேன்னு கிளம்பி 1970, 71ல அமெரிக்கா முழுக்க சுத்தினாங்க. விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க. இவங்களுக்கு முன்னாடி 1899லயே பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் ஹாம்லெட் பண்ணியிருக்காங்கதான், ஆனா அப்ப அவங்களுக்கு ஐம்பது சொச்சம். எங்க இல்லத்துல 73 வயசுக்காரங்களை நாங்க சின்னப் பசங்கன்னுதான் கூப்பிடுவோம், அது வேற விஷயம், இருந்தாலும் அந்த வயசுல அவ்வளவு வசனத்தை மனப்பாடம் பண்ணி தினம் ஒரு ஊர்ல நின்னு பேசறதை நினைச்சுப் பாக்கறேன்.

எனக்கு எல்லாத்தையும் விடப் பெருசாத் தெரியறது 1982. நியூயார்க்ல 'மீடியா'வைத் திரும்பப் போடறாங்க. மீடியாவா நடிக்கறது ஸோ கால்ட்வெல், அவங்க மெல்போர்ன்ல பொறந்தவங்க. டைரக்டர் ராபர்ட் வைட்ஹெட், 1947ல அந்த முதல் 'மீடியா'வைத் தயாரிச்சவங்கள்ல ஒருத்தர், இப்ப ஸோ கால்ட்வெல்லோட புருஷன். ஜூடித் 85 வயசுல அதே நாடகத்துல செவிலித்தாயா மேடை ஏறினாங்க. அந்த நாடகம் ஆரம்பிக்கறதே செவிலித்தாய் பேச்சுலதான், ஜேசன் வந்த கப்பல் இந்தப் பக்கம் வராமலே இருந்திருக்கக் கூடாதான்னு புலம்பி, உள்ள அழுதுகிட்டிருக்கற மீடியாவைப் பத்தி நமக்குச் சொல்றதே அவதான். 35 வருஷம் முன்னாடி மீடியாவா நின்னவங்க, இப்ப இன்னொருத்தியோட மீடியாவுக்கு முன்னாடி வந்து இவளுக்கு என்ன நடந்துச்சு தெரியுமான்னு பேசறாங்க. அந்த வருஷம் கால்ட்வெல்லுக்கு டோனி கிடைச்சுது, இவங்களுக்கு நாமினேஷன், இந்தத் தடவையும் துணைப் பாத்திரப் பிரிவுலதான். அடிலெய்டுக்காரியும் மெல்போர்ன்காரியும் பிராட்வேல ஒரே மேடையில ஒரு கிரேக்க நாடகத்தைத் தூக்கி நிறுத்தியிருக்காங்க, இங்க எங்க ஊர்லயே இதைப் பேச ஆள் இல்ல.

அதுக்கப்புறமும் சும்மா இருக்கல. 1984ல விண்வெளிக் கதையான 'ஸ்டார் ட்ரெக்' மூணாவது படத்துல வல்கன்ங்கற வேற்றுகிரக இனத்துப் பூசாரியம்மாவா வந்து கதாபாத்திரம் ஸ்பாக்குக்கு உயிரை ஒட்ட வெச்சாங்க. அதே வருஷம் ஆரம்பிச்ச 'சாண்டா பார்பரா' டிவி சீரியல்ல மிங்க்ஸ்னு ஒரு குசும்புக்காரப் பாட்டி. சீரியலுக்குப் பேரு வெச்ச ஊர்லதான் அவங்க ரொம்ப காலம் குடியிருந்தாங்க, 1992 ஜனவரி 3ஆம் தேதி அங்கேயே காலமானாங்க, வயசு 94. அதுக்கு முந்தின வருஷம்தான் ஆஸ்திரேலியா தன்னோட பெரிய விருதுகள்ல ஒண்ணைக் கொடுத்துச்சு, கேம்பானியன் ஆஃப் தி ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா. 94 வயசுல கொடுத்தாலும் கொடுத்தாங்களேன்னு சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல ஒரு சின்ன கட்டம் கட்டி, டேன்வர்ஸா நடிச்சவங்க பேர் ஜூடித் ஆண்டர்சன், ஊர் அடிலெய்டுன்னு ரெண்டு வரி போடுங்க. இடம் இருந்தா 'மீடியா'வையும் சேருங்க. உங்க கட்டுரையை நான் அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ்ல படிச்சுச் சொல்லித் தொலைச்சுட்டேன், இப்ப தினமும் ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனா உங்க பேப்பர்க்காரன் திருத்தினானான்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அடிலெய்ட்