கெயினைக் குறைக்கச் சொன்னால்

மண்டபம்,
ஞாயிறு காலை

என் தாயி,

அப்பா எழுதுவது. நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. வெல்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் ஒலியை அனுப்பி எதிரொலியைப் பார்க்கிறாய், திரையின் அடியில் புல் மாதிரி நாய்ஸ் நிற்கிறது, கெயினை (எதிரொலியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் அளவை) குறைத்து வேலையை முடி என்று சூப்பர்வைசர் சொன்னாராமே. நீ என்ன செய்தாய் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

குறைக்காதே தாயி. 6 டெசிபல் குறைத்தால் எதிரொலி பாதியாகும், 20 குறைத்தால் பத்தில் ஒரு பங்கு. நாய்ஸோடு சேர்ந்து விரிசலும் படுத்துவிடும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. சித்தப்பா போட்டில் எக்கோ சவுண்டரைப் பார்த்திருக்கிறாயே, ஒரேயடியாக இறக்கினால் மீன் கூட்டமே காணாமல் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டா? அதன் கிரெயின், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் மணிகள், பெரிது, ஒலி அதில் சிதறித்தான் அந்தப் புல் முளைக்கிறது. ஒலியை அனுப்பி வாங்கும் புரோப் 4 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதை எடுத்துவிட்டு 2 போட்டுப் பார், சிதறல் குறையும்.

நான் கெயினில் ஒருமுறை தவறியவன். கருவியைச் சரிபார்க்கும் பளபளப்பான பிளாக்கில், அதில் போட்ட துளையின் எதிரொலியைத் திரை உயரத்தில் 80 சதவீதத்தில் நிறுத்தி, அதே கெயினோடு துருவில் பள்ளம் விழுந்த தகட்டுக்குப் போனேன். உப்புக்காற்று இரும்பை என்ன பண்ணும் என்று பாம்பன் கரையில் வளர்ந்த உனக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சொரசொரப்பிலேயே 6 டெசிபல் போய்விட்டது. உள்ளே இருந்த குறை 80 காட்ட வேண்டியது 40 காட்டியது, சின்னதுதானே என்று விட்டேன். பிறகு வேறொருவர் பிடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அதனால் முதலில் ஒரே மாதிரி இரண்டு புரோப் எடு. ஒன்றில் அனுப்பி மற்றதில் வாங்கி, பிளாக்கிலும் தகட்டிலும் அளந்து பார். தடிமன் வேறென்றால் அதற்கான இழப்பைக் கழித்துவிட்டு, மிஞ்சும் வித்தியாசத்தைக் கெயினில் சேர். தேடும்போது அதற்கு மேல் இன்னொரு 6 கூட்டிக்கொள், கை ஓடும் வேகத்தில் சின்னதும் கண்ணில் படும். ஏதாவது எழும்பினால் அந்த 6-ஐ எடுத்த பிறகுதான் அளவு எழுத வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வெல்டைத் தோண்டவைப்பாய், அந்த வெல்டர் பாவம். திரையின் உச்சியில் முட்டி நிற்கும் எதிரொலி 110 சதவீதமா 300-ஆ என்று தெரியாது, திரைக்குள் இறக்கிப் படி. 12 டெசிபல் இறக்கி 60 காட்டினால் அசல் 240.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், நாளை பார்சல் போடுகிறேன். அடுத்து போன் போடும்போது அந்தத் தகட்டில் எத்தனை டெசிபல் இழப்பு வந்தது என்று முதலில் சொல்.

அப்பா