மழை லீவில் ஒரு புத்தகம்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி கார்த்திகை முடியும்வரை கடலூரில் எந்த நாள் பள்ளி உண்டு, எந்த நாள் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார் என்பது காலையில் எழுந்து டிவியைப் பார்த்தால்தான் தெரியும். போன வருடம் இப்படி விட்ட நாட்களில் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். "அ நூறு வாட்டி எழுதினேன் டீச்சர்" என்று பலர் சொன்னார்கள். எழுதி முடித்த பிறகு செல்போன். நோட்டு நிறைந்திருந்தது. ஆனால் அதே 'அ'வைக் கடைப் பலகையில் காட்டினால் சிலருக்கு அடையாளம் தெரியவில்லை.

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் ஐந்து, ஆறு வயதில் விரல்களுக்கு இன்னும் வலு சேரவில்லை. பென்சிலை இறுக்கிப் பிடித்து நூறு தடவை எழுதும் குழந்தைக்குக் கை வலிதான் நினைவில் நிற்கும். அதனால் இந்த மழைக்காலத்துக்கு வீட்டுப்பாடம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு சின்னப் புத்தகம் செய்து கொண்டுவரட்டும். அது போதும்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரே அளவாக நான்கு தாள் வெட்டி, அடுக்கி, நடுவில் மடித்தால் 16 பக்கம், அதில் எட்டு வெள்ளைப் பக்கம். மடிப்பில் ஊசியால் தைத்துக் கொடுங்கள். வீட்டில் வலை பின்னும் நூல் இருந்தால் அதைவிட உறுதியானது வேறில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையாகிவிடும். ஒட்டுவதற்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதும். ஊசியும் அடுப்பும் உங்கள் வேலை. மடிப்பதும் ஒட்டுவதும் கோணலாக வந்தாலும் பிள்ளையே செய்யட்டும், தயவுசெய்து திருத்தி ஒட்டாதீர்கள்.

அப்புறம் உள்ளே என்ன எழுதுவது? முதலில் ஒரு படம் வரையட்டும். "இது என்னடா?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை அப்படியே, அவன் வாயில் வந்தபடியே, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள். "ஆயா மீன் வாங்கினு வந்துச்சு" என்று சொன்னால் அதையே எழுதுங்கள். 'வாங்கிக்கொண்டு வந்தது' என்று இப்போது மாற்ற வேண்டாம். தான் சொன்னதுதான் தாளில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை அவன் வாசிப்பான். இலக்கணத்துக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

போன வருடம் ஒரு பையன். பாடப் புத்தகத்தில் இரண்டெழுத்துச் சொல்லுக்கே திணறுவான். அவன் ஒரு மீன் படம் வரைந்தான். அவன் சொன்ன பெயரை வகுப்பு டீச்சர் எழுதிக் கொடுத்தார்: 'கானாங்கெளுத்தி'. மறுநாள் அந்த நீளச் சொல்லை விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டினான். அவன் அப்பா கடலிலிருந்து கொண்டுவரும் மீன் அது. சங்கரா, நெத்திலி, வஞ்சிரம் என்று அந்த வாரம் முழுக்க மீனாகவே வாசித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தமிழில் 247 எழுத்து என்றதும் சில அம்மாக்கள் மலைத்துப்போகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216-உம் உயிரும் மெய்யும் சேர்ந்தவைதான். ட, ப, ம மூன்றும் தெரிந்து, புள்ளி வைக்கவும் தெரிந்தால் படம், பட்டம், மடம் என்று சொற்கள் கிடைத்துவிடும். இந்த மூன்றெழுத்தையும் தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, கோட்டின்மேல் புளியங்கொட்டை அடுக்கச் சொல்லுங்கள். மழை விட்டதும் ஈர்க்குச்சியும் செய்தித்தாளும் வைத்துப் பட்டம் கட்டி, அதன்மேல் 'பட்டம்' என்று எழுதித் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடலாம். தையல் நூல் போதும், மாஞ்சா கூடவே கூடாது. தெருவில் தண்ணீர் ஓடும் நாளில் கத்திக்கப்பல் செய்து, பிள்ளையின் பெயரை கிரேயானால் எழுதி விடுங்கள். ஸ்கெட்ச் பேனா கரைந்துவிடும், கிரேயான் மெழுகு நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள், அந்த ஓடுகளை மட்டும் விளையாட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். உங்கள் விரல்களுக்கே அது தெரியும்.

"எனக்குப் படிப்பு வராது டீச்சர், நான் என்ன சொல்லிக் குடுப்பேன்" என்று வாசலில் நின்று கேட்ட அம்மாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நீங்கள் தினமும் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, புள்ளியை எண்ணிவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் இழுத்த கோட்டின்மேல் அதன் விரலும் வரட்டும். 'அ', 'இ' எழுத வேண்டிய சுழிப்பெல்லாம் அங்கேயே பழகிவிடும்.

தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேலை உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்தபோது நம் வீட்டில் என்ன நடந்தது, எங்கே ஒதுங்கினோம், எந்த மரம் விழுந்தது என்று கதையாகச் சொல்லுங்கள். பிள்ளை வரையட்டும், எழுதத் தெரிந்த அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ எழுதட்டும். சுனாமியைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் பிள்ளையின் முகம் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். பயந்தால் அன்றைக்கு மீன் கதையே போதும்.

தீபாவளி முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி அனுப்புங்கள். ஒன்றாம் வகுப்பில் கொடி கட்டித் தொங்கவிடப் போகிறோம். சனிக்கிழமை காலை நீங்களும் வந்து, உங்கள் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போகலாம். தாளோ கிரேயானோ இல்லாதவர்கள் என் அறையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை