கிணற்றடியில் கட்டிய செஸ்ட் நம்பர்

ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டிவந்த பி.டி. சாருக்கும்,

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18-ல் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மற்றவர்கள் பேப்பரில் படித்திருப்பார்கள். தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்குச் சுவரில் நிற்கிற சேற்றுக்கோடே கணக்கு. இந்த மடல் தண்ணீர் வடிந்தபிறகு வந்த நாட்களைப் பற்றியது.

படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கடற்கரை ஊர் மீனவர்கள், கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கிய மின்வாரிய லைன்மேன்கள், வேறு மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் சாக்கடையை வாரிய தூய்மைப் பணியாளர்கள், மாற்றுத்துணியும் பாயும் கட்டி அனுப்பிய முகம் தெரியாதவர்கள், எல்லாருக்கும் பெரிய கும்பிடு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குப் புதுக்குடிக்காரர்கள் சமைத்துப் போட்டார்களே, அதுபோல ஊருக்கு ஊர் அடுப்பு எரிந்தது. தனித்தனியாக எழுத ஒரு நோட்டு பத்தாது. ஒன்றே ஒன்றை மட்டும் விலாவாரியாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

வெள்ளம் புகுந்த கிணறுகளில் போடுகிற பிளீச்சிங் பவுடருக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சாயத்திலிருந்து வந்து போட்டார்கள். உதவிக்கு வந்த குழுக்கள் போட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் பங்குக்கு ஒரு கை அள்ளிப் போட்டார். ஒரே உறைகிணற்றில் மூன்று தரம் விழுந்து, வாளியை இறக்கினாலே கண் எரிந்தது. சந்துக்குள் இருக்கிற கிணற்றில் ஒரு தரம்கூட விழவில்லை. எதில் போட்டாயிற்று, எப்போது, எவ்வளவு, ஒருத்தருக்கும் தெரியாது. சாக்பீஸால் எழுதினால் ஈரச்சுவரில் ராத்திரியே கரைந்தது. அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் ஊறிக் கிழிந்தது. கிணற்றுத் தண்ணீரின் நெடிக்குப் பயந்து, தேங்கிநின்ற தண்ணீரில் பாத்திரம் அலசியவர்களும் உண்டு. நோய் அப்படித்தான் வீட்டுக்குள் வரும்.

அப்போதுதான் நீங்கள் பழைய செஸ்ட் நம்பர் கட்டோடு வந்தீர்கள்.

மாரத்தான்களில் கொடுக்கிற அந்த வெள்ளைத் தாள் பார்வைக்குத்தான் காகிதம். நனையாது, சுலபத்தில் கிழியாது. வியர்வையிலும் மழையிலும் நெஞ்சில் நிற்பதற்கென்றே செய்தது. போட்டி முடிந்துவிட்டால் அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. ஆனாலும் ஓடுகிறவர்கள் எறிய மாட்டார்கள், வீட்டில் ஆணி அடித்து மாட்டிவைப்பார்கள். மூன்று இடத்துக்குள் வராத பிள்ளைக்கு அன்றைய ஓட்டத்தில் மிஞ்சுவது அது ஒன்றுதானே. அந்த ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து எங்கள் கிணற்றில் கட்டினீர்கள்.

பின்பக்கத்தில் ஐந்து வரி: கிணற்றின் அகலம், தண்ணீரின் ஆழம், பவுடர் எத்தனை கிராம், கரைசல் விட்ட நேரம், எத்தனை மணிக்கு மேல் தண்ணீர் எடுக்கலாம். பால்பாயின்ட் பேனா அந்தத் தாளில் பிடிக்காது என்று முதல் கிணற்றிலேயே தெரிந்துபோய், கடைக்கு ஓடி பெர்மனென்ட் மார்க்கர் வாங்கிவந்தீர்கள். நம்பரோடு வரும் ஊக்குகள் குளோரின் காற்றில் இரண்டே நாளில் துருப்பிடித்தன. விழுந்து கிடந்த வாழை மரங்களுக்கா பஞ்சம்? நார் கிழித்து, நனைத்து, கப்பி போட்ட கம்பத்தில் கட்டினீர்கள். நம்பர் வெளியே தெரியும்படி கட்டியதால் கிணற்றுக்கே அது பெயராகிவிட்டது. "417-ல இறைக்கலாமா?" "417 வேண்டாம், 88-க்குப் போ." இரண்டு வேறு போட்டிகளிலிருந்து 212 இரண்டு வந்து ஒருநாள் குழப்பம். ஒன்றில் சிவப்புப் பொட்டு வைத்ததும் அது பொட்டுக்கிணறு ஆனது.

எழுத்து தெரியாத ஆச்சிமார் வருகிற கிணறுகளில் நேரத்தை எழுதியதோடு விடாமல், கீழே வட்டம் போட்டு இரண்டு முள் வரைந்து வைத்தீர்கள். ஏழு பத்து. சின்ன முள் ஏழை ஒரு மயிரிழை தாண்டி நிற்கும். அந்த மயிரிழையைக்கூட விடாமல் வரைந்த பிள்ளை யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கணக்கையும் எழுதிவைக்கிறோம், அடுத்த தரம் யாருக்காவது உதவும். கல் கட்டிய கயிறு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. அதை இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கினால் கன மீட்டர். அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். ஒரு மீட்டர் உறையில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 2,350 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதலில் சேற்றுத் தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். மோட்டாரைப் போட்டு ஒரேயடியாக உறிஞ்சக் கூடாது. சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே மட்டம் சட்டென்று இறங்கினால் உறை உள்வாங்கும். தண்ணீர் தெளிந்தபிறகு, 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம், அதாவது இந்தக் கிணற்றுக்கு 350. ஒரு ராத்திரி விட்டு, அதை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். குடிக்க அல்ல அது. அடுத்து ஊறிவருகிற தண்ணீருக்குத் தினமும் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம்தான். நம் கிணற்றுக்கு ஆறு கிராம். மூன்று பேர் மூன்று கை அள்ளிப் போட்டது எவ்வளவு அதிகம் என்று இதை வைத்துத்தான் புரிந்துகொண்டோம்.

பவுடரை நேராகக் கொட்டவும் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் பசைபோலக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். மேலே நிற்கிற தெளிவை வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் உலுக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டியைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடுத்துப்போகும். பவுடரைத் தொட்டதெல்லாம் தெருவுக்கு ஒரு பெரியவர், கையுறையும் மூக்கில் துணியுமாக. பிள்ளைகளுக்கு அளவு, நேரம், எழுத்து மட்டும். சுகாதார ஆய்வாளரும் பி.டி. சாரும் முதல் நாளே போட்ட கண்டிப்பு அது. நல்ல கண்டிப்பு.

இதில் ஓடுகிறவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், அந்த ஒரு மணி நேரம்தான். கரைசல் விட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரைச் சோதிக்க முடியும். நடந்துபோகிறவர் ஒரு கிணற்றடியில் காத்திருந்தால் விடியக்காலை முழுக்க அங்கேயே போய்விடும். நீங்கள் ஐந்தரைக்கு முதல் கிணற்றில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு நிமிடம் என்று ஆறு கிணறு முடித்து, சுற்றி மறுபடி முதல் கிணற்றுக்கு வரும்போது சரியாக மணி ஆறரை. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் ஏற வேண்டும்; உடனே நிறப்பட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சளே ஏறவில்லை என்றால் கணக்கில் பிழை இல்லை, திறந்துபோட்ட மூட்டையில் பவுடர் வீரியம் இழந்திருக்கும், அல்லது தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்கும். அங்கே கிணற்றின் நம்பரை மூடி வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவீர்கள். மூடியிருந்தால் எடுக்கக் கூடாது என்று இரண்டாம் நாளே ஊருக்குப் பழகிவிட்டது. வாட்ச் பார்க்காமல் ஒரு சுற்றை ஒரே நேரத்தில் முடிக்கிற பழக்கம் 3000 மீட்டர் ஓடுகிற பிள்ளைகளுக்கு எப்படியும் உண்டு. அது கிணற்றுக்கு இப்படி உதவும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

கால் விஷயத்தில் நீங்கள் காட்டிய கறாரையும் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு ஒருவரும் இறங்கவில்லை. நல்ல ஷூவை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய கேன்வாஸ். விரல் இடுக்கில் தேங்காயெண்ணெய். சுற்று முடிந்ததும் கழுவித் துடைத்துக் காய்ந்த சாக்ஸ். சேற்றுப்புண் வந்தால் ஒரு மாதம் ஓட்டம் போச்சு. காலில் கீறல் பட்ட பிள்ளை அன்றைக்கு நேரம் குறிப்பவர், அவ்வளவுதான், அழுதாலும் விடவில்லை. எலிக்காய்ச்சல் கிருமிக்கு அந்தக் கீறல் போதும். நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை யாரும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல், எதிரில் நின்று விழுங்கவைத்ததும் உங்கள் சார்தான்.

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற உங்களுக்கு என்.எஸ்.எஸ். சான்றிதழ்கூடக் கிடையாது. பரீட்சை தள்ளிப்போன நாட்களில் தூங்கியிருக்கலாம். மைதானம் வண்டலுக்குள் கிடந்தது, பயிற்சிக்கும் இடமில்லை. "லாங் ரன் மாதிரிதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இருக்கட்டும்.

நம்பர்களைத் திருப்பித் தரலாம் என்று கேட்டோம், வேண்டாம் என்றீர்கள். அப்படியானால் அவை கிணற்றிலேயே இருக்கும். வருஷாவருஷம் அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், கயிறு இறக்கி ஆழம் பார்த்து அதே தாளில் எழுதுவோம். இடம் நிரம்பினால் புதுத் தாளுக்கு உங்களிடம்தான் வருவோம்.

உங்கள் மைதானத்து வண்டல் மேலே வெடித்திருக்கிறது, அடியில் இன்னும் ஈரம். இப்போதே ரோலர் விட்டால் பலகைபோல இறுகி, கோடையில் குதிகாலைப் பதம் பார்க்கும். பொங்கல் கழித்து வெயில் ஏறியதும் முதலில் சுரண்டி அள்ளிவிடுவோம். தெருவுக்குப் பத்து மண்வெட்டி, இரண்டு டிராக்டர், நான்கு மூட்டைச் சுண்ணாம்பு சொல்லிவைத்தாயிற்று. ஒரு லேனுக்கு 1.22 மீட்டர் என்று சார் சொன்னார். நூலை அவர் பிடிக்கட்டும், கோட்டை நாங்கள் போடுகிறோம்.

இப்படிக்கு,
கீழத்தெரு, நடுத்தெருக்காரர்கள்
ஏரல் வட்டாரம்