பேர் போடாத கடிதம்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் முதலில் வீட்டில் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டது. கல்மண்டபம் பக்கம் மட்டும் இன்னும் தண்ணீர் நிற்கிறது.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியது நாலு நாளாக மனசைவிட்டுப் போகவில்லை. பேர் போடாமல் எழுதுகிறவன் கோழை, ஆதாரைக் காட்டிவிட்டுத்தான் நெட்டில் எழுத விட வேண்டும் என்கிறாய். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? 1986ல் உன் தங்கச்சி கல்யாணத்தை நிறுத்திய மொட்டைக் கடுதாசியை, மாப்பிள்ளை வீட்டார் திருப்பிக் கொடுத்த அன்றே உன்னோடு உட்கார்ந்து படித்தவன் நான். நீல இன்லண்ட் லெட்டர். இடது கையால் எழுதிய மாதிரி கோணல் எழுத்து. ஆனால் ‘ழ’ மட்டும் பழகிய கையின் சுழிப்போடு இருந்தது. அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு பால் கணக்கு நோட்டு, சீட்டுக் கணக்கு என்று தெருவில் யார் யார் கையெழுத்தையோ ஒப்பிட்டோம். ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு வருஷம் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் ‘இவரா இருக்குமோ’ என்று பார்த்துக்கொண்டே நடந்தோமே, கல்யாணம் நின்றதைவிட அதுதான் கொடுமை.

ஆனாலும் உன் கட்சியில் சேர என்னால் முடியவில்லை. என் மகள் ஃபேஸ்புக்கில் வேறு பேரில் எழுதுகிறாள். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ரோட்டுக்கு ஓடி வந்தார்களே, அன்றிலிருந்து. அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல், கொசஸ்தலை ஆறு, இறால் பிடிக்கிறவர்கள் பாடு, எல்லாம் எழுதுவாள். மருமகன் அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான். அவள் பேர் போட்டால் மறுநாள் அவனுக்கு கேட் பாஸ் இருக்காது. சொல், இவள் கோழையா?

அவளுக்கு வந்த பதில்களை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். ஒருவர், அவரும் பேர் போடாதவர்தான், உள்ளே வேலை செய்கிறவர் போலிருக்கிறது. “அக்கா, சாம்பல் பைப் உடைஞ்சது நீங்க சொன்ன இடத்துல இல்ல, ஒரு பாலம் தள்ளி. மாத்திடுங்க, இல்லன்னா மொத்தத்தையும் பொய்னு சொல்லிடுவாங்க” என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு பெண்ணைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லியிருந்தார். அவர் சொந்தப் பேரில், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு எடுத்த போட்டோவோடு இருந்தார். அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்கிற சட்டத்தைத் தென் கொரியாவில் 2007லேயே கொண்டுவந்தார்கள். பெரிய தளங்களில் எழுத வேண்டுமானால் ஆள் இன்னார் என்று நிரூபிக்க வேண்டும். 2011ல் அங்கே ஒரே திருட்டில் சுமார் 3.5 கோடிப் பேருடைய விவரங்கள் போயின. வசவு குறைந்ததற்குச் சான்றில்லை என்று 2012ல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே சட்டத்தை ரத்து செய்துவிட்டது. பேரை மறைத்து மிரட்டுகிறவனுக்கு நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக 2 வருஷம் வரை சிறை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 507ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 351ஆம் பிரிவு.

நம் கையெழுத்துப் பத்திரிகை ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் லாரிக்காரர் குடத்துக்குக் காசு வாங்குகிறார் என்று புனைபெயரில் எழுதினேன். வாங்கினது அவர் இல்லை, கூட வந்த பையன். அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “தம்பி, நீதான்னு தெரியும், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். திட்டவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. அடுத்த இதழிலிருந்து, யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் அவரிடம் போய்ப் படித்துக் காட்டுவது என்று நீதான் விதி வைத்தாய். புனைபெயரை விட்டுவிடு என்று அப்போது நீ சொல்லவே இல்லை. அந்தக் கதையை மகளிடம் சொன்னேன். பாலத்தை மாற்றிவிட்டாள், சுட்டிக்காட்டியவருக்கு நன்றியும் எழுதினாள்.

அவள் எழுதியதில் மூன்றை பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எதிலும் பேர் இருக்காது. பழையபடி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார், தப்பு இருந்தால் குறித்து அனுப்பு. தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்,
காசிமேட்டான்