பங்கர் அறையின் கதவைத் திறந்துவிடுங்கள்

உலக ரக்பி அமைப்பின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

2023 அக்டோபர் 28-ஆம் தேதி நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் சேர்ந்து பார்த்தோம். முதல் பாதியின் நடுவில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரீலைத் தடுத்தபோது தோள் தலையில் பட்டது. மஞ்சள் அட்டை, அதாவது பத்து நிமிடம் ஆட்டத்துக்கு வெளியே. வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சில நிமிடங்களில், பங்கர் என்ற அறையில் படங்களைப் பார்த்த அதிகாரி அதைச் சிவப்பாக்கினார்; இனி அவருக்கு ஆட்டமே இல்லை. ஆண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆள் அவர். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசியும் ஆர்டி சவேயாவைத் தடுக்கப் போய்த் தலையில் மோதினார். அவருக்கும் மஞ்சள், அவரும் நாற்காலி. ஆனால் அது மஞ்சளாகவே நின்றது. பத்து நிமிடம் கழித்து ஆட்டத்துக்குத் திரும்பினார்.

பன்னிரண்டு வயது அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, இவர் மட்டும் ஏன் திரும்பி வந்தார்?"

அறையில் இருந்த யாருக்கும் சரியான பதில் தெரியவில்லை. இது வேகம் குறைந்த மோதல் என்றார் ஒருவர். முதலில் பட்டது தலையில் இல்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "எல்லாம் முன்னாடியே பேசி முடிச்சதுதான்" என்றார். இந்த மடலை எழுத வைத்தது அந்த மூன்றாவது பேச்சு. அதைச் சொன்னவர் பொறுப்பில்லாமல் பேசுகிறவர் அல்ல. இருபது வருடமாக ரக்பி பார்க்கிறவர். காரணம் காதுக்கு எட்டாதபோது, அவர் மனம் கையில் கிடைத்த காரணத்தை எடுத்துக்கொண்டது.

நான் ரக்பியில் விழுந்ததற்கு நடுவரின் குரலுக்கும் பங்கு உண்டு. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே "ஏழு, கையை எடு" என்று எச்சரிப்பார். விசில் ஊதிய பிறகு, ஏன் ஊதினேன் என்று கேப்டனிடம் இரண்டு வரியில் சொல்வார். தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் நமக்கும் அது கேட்கும். சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலே ரக் என்றால் என்ன, ஆஃப்சைடு கோடு எங்கே, இரு அணியும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மில் யார் சரித்தார்கள் என்பதையெல்லாம் அந்தக் குரலைக் கேட்டே கற்றுக்கொண்டேன். முடிவு பிடிக்காவிட்டாலும், இவர் இப்படிப் பார்த்தார் என்று புரியும். கோபம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

2023-இல் பங்கர் முறையைக் கொண்டுவந்தீர்கள். மஞ்சளா சிவப்பா என்று களத்தில் சட்டென்று சொல்ல முடியாத குற்றத்துக்கு நடுவர் மஞ்சளைக் காட்டி அனுப்பிவிடுவார். எங்கோ ஓர் அறையில் இருக்கும் அதிகாரி எட்டு நிமிடத்துக்குள் படங்களை அலசி முடிவு சொல்வார். ஆட்டம் தடைபடுவதில்லை, அறுபதாயிரம் பேர் முன்னால் நடுவர் திரையை வெறித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், அதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் முடிவு அந்த அறைக்குள் போனபோது காரணமும் கூடவே போய்விட்டது. நடுவர் கேப்டனிடம் ஓரிரு சொல்லில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறார். அறைக்குள் எதை எதோடு வைத்து எடை போட்டார்கள் என்பது எங்களுக்கு எட்டுவதில்லை.

தலையில் படும் மோதலுக்கு நீங்கள் வகுத்த நடைமுறை தெளிவானது. தலையில் பட்டதா, அது ஆட்டக் குற்றமா, ஆபத்து எவ்வளவு, தண்டனையைக் குறைக்கும் சூழல் ஏதும் உண்டா: நான்கே கேள்விகள். அந்தந்த முடிவுக்கு அந்த நான்கு பதில்களையும் திரையில் போட்டாலே போதும். என் அண்ணன் மகளுக்கு நான் பதில் சொல்லியிருப்பேன்.

பதில் தெரியாவிட்டால் என்ன ஆகிறது என்பதை அதே உலகக் கோப்பையின் முதல் வாரத்திலேயே பார்த்தோம். செப்டம்பர் 9, மார்செய் மைதானம். அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்தில் எதிராளியின் தலையில் மோதியதற்காக இங்கிலாந்தின் டாம் கரிக்கு மஞ்சள், பிறகு பங்கரிலிருந்து சிவப்பு. மறுநாள் அதே மைதானத்தில் ஸ்காட்லாந்தின் ஜாக் டெம்ப்சியோடு கிரீல் தலையோடு தலை மோதினார். அட்டையும் இல்லை, ஆட்டம் முடிந்த பின் விசாரணையும் இல்லை. இரண்டுக்கும் வேறுபாடு இருந்திருக்கலாம். இருந்தால் அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும்? நீங்கள் சொல்லாததால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ரசிகர்களே தீர்ப்பு எழுதினார்கள்.

காரணத்தை எழுதத் தெரியாத அமைப்பு அல்ல நீங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் வேல்ஸின் டெய்ன் பஷாமைத் தடுத்ததற்காக இங்கிலாந்தின் ஓவன் ஃபாரலுக்குப் பங்கர் சிவப்பு கொடுத்தது. ஒழுங்கு விசாரணைக் குழு அதை ரத்து செய்தது. ஃபாரலின் சக வீரர் ஜேமி ஜார்ஜும் உள்ளே வந்ததால் பஷாமின் நிலை கடைசி நொடியில் மாறியது என்பது அவர்கள் வாதம். நீங்கள் மேல்முறையீடு செய்தீர்கள். நான்கு ஆட்டத் தடை வந்தது. ஒரே தடுப்புக்கு மூன்று கட்டத்தில் சிவப்பு, சிவப்பு இல்லை, மறுபடியும் சிவப்பு! ஆனாலும் அந்த விவகாரத்தில் எனக்குக் குழப்பம் மிஞ்சவில்லை. எழுதிய தீர்ப்பு கைக்குக் கிடைத்தது, படித்தேன், இரண்டு தரப்பும் புரிந்தது. முதல் முடிவை எடுத்த அந்த எட்டு நிமிடம் மட்டும் இன்றுவரை இருட்டில்தான் இருக்கிறது.

அட்டைகளோடு இது நிற்கவில்லை. அதே தொடரின் கால் இறுதியில் பிரான்சின் தோமா ராமோஸ் அடித்த கன்வர்ஷனை, அதாவது ட்ரைக்குப் பிறகு கூடுதல் இரண்டு புள்ளிக்காக உதைக்கும் உதையை, தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி பாய்ந்து வந்து தடுத்தார். அந்த இரண்டு புள்ளி போனது. பிரான்ஸ் 28–29 என்று ஒரு புள்ளியில் தோற்றது. ராமோஸின் கால் எப்போது அசைந்தது, கோல்பி எப்போது கிளம்பினார் என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்காத ரசிகரே இல்லை. நாங்களும் பார்த்தோம். நண்பர் ரிமோட்டைப் பிடித்திருந்தார், நான் திரைக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து ராமோஸின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதைப்பவர் ஓடிவருவதற்காக எந்தத் திசையில் அசைந்தாலும் எதிரணி பாயலாம் என்பது சட்டம். அந்த ஒரு வரியையும் அந்தப் படத்தையும் சேர்த்து ஒரு நிமிடக் காணொளியாக மறுநாளே நீங்கள் வெளியிட்டிருந்தால் எவ்வளவு நச்சு குறைந்திருக்கும். அதற்குப் பதில், அந்தக் கால் இறுதிக்கு நடுவராக இருந்து அடுத்த வாரம் அரை இறுதிக்கு வந்த பென் ஓகீஃபை மைதானமே கூச்சலிட்டு வரவேற்றது.

பேசினால் நடுவருக்குத்தான் ஆபத்து என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் மனதில் 2015 இருக்கும். ட்விக்கனம் கால் இறுதி, ஸ்காட்லாந்து 34–32 என முன்னிலை, கடைசி நிமிடங்கள், மழை. நடுவர் க்ரெய்க் ஜூபேர் ஸ்காட்லாந்து வீரர் ஆஃப்சைடு என்று ஆஸ்திரேலியாவுக்குப் பெனால்டி கொடுத்தார், பெர்னார்ட் ஃபோலி உதைத்தார், 35–34. மறுநாள் நீங்கள் அறிக்கை விட்டீர்கள்: ஆஸ்திரேலிய வீரர் நிக் ஃபிப்ஸ் பந்தைத் தொட்டிருந்தார், எனவே அது ஆஃப்சைடு இல்லை, பெனால்டி தவறு, ஸ்க்ரம்தான் சரி. உண்மையைச் சொன்னீர்கள். ஆனால் அந்தத் தொடரின் அத்தனை முடிவுகளிலும் அதை மட்டும் எடுத்து நடுச்சந்தியில் வைத்தீர்கள். திரையில் சரிபார்க்க அவருக்கு விதி அனுமதி தரவில்லை என்பது அடிக்குறிப்பாகப் போனது. ஒரு மனிதர் தனியாக நின்றார். எல்லா ஆட்டத்துக்கும், சரியான முடிவுக்கும் தவறான முடிவுக்கும், வழக்கமாக விளக்கம் வந்துகொண்டிருந்தால் அதுவும் பத்தோடு பதினொன்றாக இருந்திருக்கும்.

2023 இறுதிக்கே திரும்புகிறேன். நான் நியூசிலாந்து பக்கம், அதை மறைக்கவில்லை. நியூசிலாந்தின் ஏரன் ஸ்மித் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து அடித்த ட்ரை ரத்தானபோது நெஞ்சு அடைத்தது. அதற்கு முன், பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்-அவுட்டில், சவேயாவின் கையில் பட்டுப் பந்து முன்னே போனது உண்மை. ஆனால் தொலைக்காட்சி நடுவர் இரண்டு ஃபேஸுக்கு (ஒரு தடுப்புக்கும் அடுத்த தடுப்புக்கும் இடையிலான ஆட்டத் துண்டு) மேல் பின்னோக்கிப் போகக் கூடாது என்பது அப்போது உங்கள் விதி. அன்று அதைத் தாண்டிப் போனார்கள். நடந்த தவறைக் கண்டுபிடித்ததா, விதியை மீறியதா, எது பெரிது? நேர்மையாகவே எனக்கு இரண்டு மனம். அந்த விவாதத்தை நீங்கள் முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. தென்னாப்பிரிக்கா 12–11 என வென்ற கணக்கு மட்டும் எங்கள் கையில் மிஞ்சியது, மீதியை வதந்தி நிரப்பியது.

அந்த நிரப்பலுக்கு விலை கொடுத்தவர்கள் இரண்டு பேர். களநடுவர் வேய்ன் பார்ன்ஸ் அந்த இறுதியோடு விசிலைக் கீழே வைத்தார். 111 டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான) ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். 2007-இல் கார்டிஃபில் நியூசிலாந்துக்கு எதிராகப் பிரான்சின் ஃபார்வர்ட் பாஸை (பந்தை முன்னோக்கி வீசும் குற்றம்) கவனிக்காமல் விட்டதற்காக அவருக்குக் கொலை மிரட்டல் வந்தபோது வயது 28. அன்று நானும் அவரைத் திட்டினேன். மிரட்டவில்லை என்பதைச் சொல்லி இன்று தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்தச் சத்தத்தில் என் சத்தமும் இருந்தது. 2023-இல் தொலைக்காட்சி நடுவராக இருந்த டாம் ஃபோலி, தனக்கும் குடும்பத்துக்கும் வந்த மிரட்டல்களைச் சொல்லி சில வாரங்களிலேயே சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகினார். மிரட்டியவர்கள் மேல் சட்டம் பாயட்டும். ஆனால் அவர்கள் நிற்க இடம் கொடுத்தது உங்கள் மௌனம் என்பதையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

2027-இல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகளோடு அடுத்த உலகக் கோப்பை. புதிதாக ரக்பிக்கு வரும் எத்தனையோ பேர் அங்கேதான் முதல் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அதற்குள் பங்கர் முடிவு வரும்போதே நான்கு பதில்களும் திரையில் வரட்டும். ஒவ்வொரு சுற்று ஆட்டமும் முடிந்து இரண்டு நாளுக்குள், பெரிய முடிவுகளைப் பற்றிய விளக்கம் உங்கள் பெயரில் வரட்டும். நடுவர் பெயரில் வேண்டாம், அமைப்பின் பெயரில். சரி என்றால் ஏன் சரி, பிழை என்றால் எங்கே பிழை. நடுவர்களைத் தண்டிக்க அதைப் பயன்படுத்த மாட்டோம் என்பதையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

அண்ணன் மகளுக்கு அப்போது பதினாறு வயது. இப்போதே பள்ளி அணியில் ஸ்க்ரம்-ஹாஃப் ஆடுகிறாள். கொலிசி ஏன் திரும்பி வந்தார் என்ற கேள்வியை அவள் விடவில்லை. போன வாரம்கூட மறுபடி கேட்டாள். உங்களிடமிருந்து பதில் வந்தால் அவளிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
நியூசிலாந்து அணியின் ரசிகன் ஒருவன்