சுவரில் தூரிகை வைக்கும் முன்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

உங்கள் பள்ளிச் சுவரில் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியம் வரப்போகிறது, அதைத் திட்டமிடும் மாணவர் குழுவில் நீயும் இருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். மிகுந்த மகிழ்ச்சி. நீ அனுப்பிய மாதிரிப் படங்களைப் பார்த்தேன். எல்லாமே புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டங்கள். அழகுதான். ஆனால், அந்தப் பாணி மத்திய ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தைச் சேர்ந்தது. சிட்னியிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். நீங்கள் குடியிருக்கும் சிட்னிப் புறநகரான வென்ட்வொர்த்வில், தருக் என்ற பூர்வகுடி மக்களின் மண். சிட்னி வட்டாரத்து மணற்பாறைகளில் மீனும், சிறு கங்காருவான வாலபியும், திமிங்கிலமும் வெறும் கோட்டுருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாறைக் குடைவுகளில் கைத்தடங்கள் பதிந்திருக்கின்றன. இவ்வளவு அருகில் இருப்பதை விட்டுவிட்டு, தொலைதூரத்து மக்களின் குறிகளைக் கேட்காமல் எடுப்பானேன்?

அந்தப் புள்ளி ஓவியங்கள் உலகப் புகழ் பெற்ற கதையும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் தொடங்குகிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் பப்புன்யா என்ற குடியிருப்பு. பிந்துப்பி, லுரிச்சா, வார்ல்பிரி எனப் பல பூர்வகுடி மக்களை அரசு ஓரிடத்தில் குடியமர்த்தி, வெள்ளையர் வாழ்முறைக்கு மாற்ற முயன்ற காலம். 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் அங்கே வேலைக்கு வந்தார். பிள்ளைகள் மணலில் விரலால் கோலங்கள் வரைந்து கதை சொல்வதைக் கவனித்தார். அதையே வகுப்பிலும் வரையச் சொன்னார். பிறகு பள்ளிச் சுவரில் வரையும் பேச்சு வந்தபோது பெரியவர்கள் முன்வந்தார்கள். ஏனென்றால், ஒவ்வொரு கதைக்கும் உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதமில்லாமல் யாரும் அதை வரைய முடியாது. சுவருக்குத் தேர்ந்தெடுத்தது, வயிற்றில் தேன் சேர்க்கும் எறும்பைப் பற்றிய கதை. அந்தத் தேனெறும்புக் கதைக்கு உரிய முதியவர் அனுமதி தந்த பிறகே சுவரில் வேலை தொடங்கியது.

காப்பா என்ற ஓவியர் முதலில் எறும்புகளை மேலைநாட்டுப் படம்போல, காலும் உடலுமாகத் தீட்டினார். இவை உங்கள் எறும்புகள்தானா என்று பார்டன் கேட்டார். காப்பா அவற்றை அழித்துவிட்டு, தம் மக்களின் குறியால் மறுபடி வரைந்தார். அடுத்த ஆண்டே ஓவியர்கள் சேர்ந்து பப்புன்யா துலா என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

உங்கள் குழுவுக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது. முதலில் தருக் பெரியவர்களைப் பள்ளிக்கு அழைக்கச் சொல்லுங்கள். எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்று அவர்களிடமே கேளுங்கள். வடிவமைப்பைத் தருக் ஓவியர் ஒருவர் முன்னின்று நடத்தட்டும். அவருக்கு உரிய ஊதியம் கொடுக்கப்பட வேண்டும். அவர் சொல்லும் ஓடையையும் மரத்தையும் பறவையையும் நேரில் போய்ப் பார்த்து நீங்கள் தீட்டும் மாதிரிகள் அவருக்கு உதவும். இணையத்திலிருந்து எடுத்த படங்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பப்புன்யா பள்ளியின் அந்தத் தேனெறும்புச் சுவர் சில ஆண்டுகளிலேயே பெயின்ட் அடித்து மறைக்கப்பட்டுவிட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆகவே, சுவரை யார் பராமரிப்பது, கட்டடத்தை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்பதையெல்லாம் தலைமையாசிரியரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஓவியர் பெயரும் அவருடைய மக்களின் பெயரும் சுவரிலேயே இருக்கட்டும்.

பெரியவர்கள் எந்தக் கதையைத் தந்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா