சதவீதமும் சிறுநீரகமும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சீனு,

உன் கடிதமும் அண்ணனுடைய அறிக்கைகளின் நகல்களும் கிடைத்தன. சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுருக்கத்தை, ஆரணியில் எடுத்த டாப்ளர் ஸ்கேன் 60 சதவீதத்துக்கு மேல் என்றும், இங்கே மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஆஞ்சியோ படம் 75 சதவீதம் என்றும் சொல்வதால் எதை நம்புவதென்று கேட்டிருக்கிறாய். இரண்டும் முரண்படவில்லை. டாப்ளர் அளப்பது குழாயின் அகலத்தை அன்று, ரத்தத்தின் வேகத்தை. அது நொடிக்கு 200 சென்டிமீட்டருக்கு மேலிருந்து, இதயத்திலிருந்து வரும் பெரிய குழாயான மகாதமனியின் வேகத்தைப் போல் மூன்றரை மடங்கையும் தாண்டினால், சுருக்கம் 60க்குக் குறையாது என்று எழுதுவார்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதை அந்த அளவு சொல்லாது. சி.டி. உருவத்தைக் காட்டும், ஆனால் சுண்ணாம்பு படிந்த இடத்தில் சுருக்கத்தைச் சற்று மிகைப்படுத்திவிடும்.

நான் மருத்துவன் அல்லன், ரத்தக் குழாய்க்குள் கம்பி செலுத்திப் பார்க்கும் கேத் லேபில் அழுத்தமானியைப் பார்த்தே தலை நரைத்தவன். ஆகையால் என் நம்பிக்கை அந்தப் பக்கம் சாய்வதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். மதகு எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைவிடக் கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்பதுதானே கேள்வி? 50க்கும் 70க்கும் இடைப்பட்ட சுருக்கங்களில் கண்ணளவு பலமுறை ஏமாற்றும். அப்போது மெல்லிய கம்பியைச் செலுத்திச் சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார்கள். மேல் அழுத்தத்தில் 20 மி.மீ. அல்லது சராசரியில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால், அந்தச் சுருக்கம் ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறது என்று கொள்வார்கள்.

அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொரு வரி. இடச் சிறுநீரகம் எட்டரை சென்டிமீட்டர், வலது பத்தரை. நெடுநாள் ரத்தம் குறைந்து சுருங்கிய சிறுநீரகத்துக்கு, குழாயைத் திறந்துவிட்டாலும் பழைய வலு முழுவதும் திரும்புவது அரிது. சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்பது அறிக்கையில் இல்லை. அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்.

குழாயை விரித்துவைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டை வைத்துவிடலாமா என்ற அவசரம் வேண்டாம். 2014இல் வெளியான கோரல் ஆய்வில், 900க்கும் மேற்பட்ட நோயாளிகளிடையே, மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் அடையவில்லை. திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டினாலோ, பல மருந்துகளுக்கும் பிரஷர் அடங்காவிட்டாலோ கதை வேறு. அண்ணனுக்கு மூச்சுத்திணறல் வந்ததுண்டா என்று நீ எழுதவில்லை.

பிரஷர் மாத்திரையான ராமிப்ரில் தொடங்கிய பிறகு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் ஏறியதா என்பதும் முக்கியம். இரு பக்கமும் சுருக்கம் இருந்தால் அந்த மாத்திரையில் அது வேகமாக உயரக்கூடும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அழைத்து வரும்போது பழைய கிரியாட்டினின் அறிக்கைகள் அனைத்தையும் தேதிவாரியாக எடுத்து வா. காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்கே அறை கிடைப்பது பாடாக இருக்கிறது. நம் வீட்டிலேயே தங்கலாம். அண்ணனுக்கு உப்பில்லாமல் சமைக்க வேண்டும் என்று வீட்டில் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குமரேசன்